விளையாட்டுக் கணிப்பொறியும் வீட்டு மின்சாரமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு ஒட்டியபோது, "கணிப்பொறியின் பயன்கள் என்று எழுதிக் கொடுத்துவிடேன்" என்று தோழியர் சொன்னார்கள். அதன் பயன்களை அறியாதவர் இக்கல்லூரியில் இன்று எவரும் இலர். ஆகவே பயன்களை விடுத்து, அதை வாங்குவதில் நம்மவர் செய்யும் பிழை ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் சொல்லப்போவது படிப்புக்கு வாங்கும் கணிப்பொறியும் அன்று. விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாகத் தேர்ந்து, இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கூட்டப்படும் உயர்விலைக் கணிப்பொறி. ஆசிரியப் பெருமக்கள் இப்போதே முகம் சுளிக்க வேண்டா. முழுவதும் படித்த பிறகு சுளித்தால் போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணிப்பொறியை நம்மவர் தலைகீழாக வாங்குகின்றனர். கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்குகின்றனர், பிறகு பிராசசர், பிறகு வண்ண விளக்கு எரியும் கேபினெட், மிஞ்சிய காசில் ஏதோ ஓர் எஸ்.எம்.பி.எஸ். வீட்டில் வரும் மின்சாரத்தைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. உண்மையில் தேர்வு தொடங்க வேண்டிய இடம் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். அடுத்தது கண்முன் இருக்கப்போகும் மானிட்டர். கிராஃபிக்ஸ் கார்டு மூன்றாவதாகத்தான் வர வேண்டும். பெருநகரத்து அடுக்குமாடியில் இருப்பவருக்கு வேறு வரிசை பொருந்தலாம். கூரத்தில் இருப்பவருக்கு இதுதான் வரிசை என்பது என் துணிபு.

எங்கள் ஊர் கூரம். காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ளது. வைணவ அன்பர்கள் கூரத்தாழ்வாரின் ஊர் என்று அறிவார்கள். வரலாற்றுத் துறை நண்பர்கள் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டைக் கொண்டு அறிவார்கள். மற்றவர்களுக்கு, ஏரியும் வயலும் உள்ள ஒரு சிற்றூர். என் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மூன்று ஆண்டுச் சேமிப்பும், எடுத்த சீட்டுப் பணமும் சேர்த்து 2,40,000 ரூபாய் கையில் வைத்திருந்தான். கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையில் ஆறு ஆண்டுகள் விளையாடியவன். இனி ஒரு நல்ல கணிப்பொறியில் விளையாட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. "தங்கச்சி, நீதான பிசிக்ஸ் படிக்கிற, எது எது வாங்கணும்னு எழுதிக் கொடு" என்றான். இது 2025 ஜூன் மாதம்.

அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. விளையாட்டு, இணையம், பணம் என்ற மூன்று சொற்களும் ஒன்றாகக் காதில் விழுந்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ரம்மிதான். அந்த அச்சம் வீணானதும் அன்று. இணைய ரம்மியில் பணம் இழந்து குடும்பத்தோடு அழிந்தவர்களின் செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு அதற்கெனவே 2022இல் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் நிறைவேற்றிப் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டுகளை அதிலிருந்து பிரித்துத் தனியாக ஏற்றது. அண்ணன் ஆடுவது இரண்டாம் வகை. கார் ஓட்டுவது, கோட்டை பிடிப்பது, கதைநாயகனாக ஊர் ஊராகத் திரிவது. இதை அப்பாவுக்கு விளக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. "பைக் வாங்கினா இதே பணம்தான ஆகும், அப்ப மட்டும் யாரும் கேக்க மாட்டீங்க" என்று அம்மா ஒருநாள் சொன்ன பிறகுதான் அப்பா பேச்சை விட்டார்.

இங்கே நம் வழக்கம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நம் வீடுகளில் விளையாட்டுக் கணிப்பொறி கேட்பவர் எவரும் விளையாட்டுக்கு என்று சொல்வதில்லை. "ப்ராஜெக்டுக்கு", "கோடிங் படிக்க" என்றே சொல்கின்றனர். கடைக்காரரிடமும் அதையே சொல்கின்றனர். அவர் அலுவலக வேலைக்கு ஏற்ற ஒன்றை எடுத்து வைக்கிறார். பிறகு வெட்கத்தோடு "கேமும் ஓடணும்" என்று இழுக்கும்போது, அதே பெட்டியில் ஒரு கார்டைச் செருகிக் கொடுத்துவிடுகிறார். எதற்கு வாங்குகிறோம் என்பதை மறைத்தால் எதை வாங்குவது என்பது எப்படி விளங்கும்? அண்ணனிடம் நான் விதித்த ஒரே நிபந்தனை, எவர் கேட்டாலும் "விளையாடத்தான்" என்று சொல்ல வேண்டும் என்பது. எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் "விளையாட்டுக்கு இரண்டரை இலட்சமா?" என்று கேட்டார். ஆம் ஐயா, விளையாட்டுக்குத்தான் என்றேன். இரவு ஷிப்ட் முடித்து வருபவனின் ஓய்வுக்கு எவ்வளவு விலை தகும் என்று நிர்ணயிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அந்தப் பணம் பாழாகாமல் பார்க்கும் கடமை என்னைச் சேர்ந்தது.

பணம் பாழாவது எப்படி என்பதை எங்கள் பெரியப்பா மகன் வழியாக ஏற்கெனவே கண்டிருந்தேன். அவர் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவர். தொழிலும் நடக்கும், விளையாடவும் ஆகும் என்று 2022இல் ஒரு கடையில் அசெம்பிள் செய்த கணிப்பொறி ஒன்றை வாங்கினார். நான்கு பக்கமும் விளக்கு; கண்ணாடிக் கதவு. ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் என்ன நிகழும் என்பதை இயற்பியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அளவுகூட வந்து சேரலாம். தெருவில் பல வீடுகளில் பல்புகளும் மின்விசிறிகளும் போயின. அவர் வீட்டில் எஸ்.எம்.பி.எஸ். போனது, அது தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் உடன் அழைத்துக்கொண்டு போனது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு கல்யாண வீட்டாரின் படங்கள் முழுவதும் இருந்தன. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் வீட்டார் பணத்துக்காக வருந்தவில்லை. தாலி கட்டும் காட்சி எங்கள் வீட்டில் ஒரு படமாகக்கூட இல்லையே என்று அந்தப் பெண்ணின் தாயார் வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன்.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 650 என்று இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த சிறிய லேபிளில், 12 வோல்ட் வரிக்கு நேரே 22 ஆம்பியர் என்று அச்சாகியிருந்தது. பன்னிரண்டை இருபத்திரண்டால் பெருக்குங்கள்: 264 வாட். இக்காலத்துக் கணிப்பொறியில் பிராசசரும் கார்டும் ஏறத்தாழ எல்லாச் சக்தியையும் அந்த 12 வோல்ட் வழியாகவே பெறுகின்றன. ஆகவே 650 என்பது விற்பனைக்கு எழுதிய எண். 264தான் உண்மையான எண். அதுவும் லேபிளே ஒப்புக்கொண்டது. உள்ளே திறந்து பார்த்தால், பலகையில் இடம் குறித்து ஓட்டை போட்டிருந்த பல பாகங்கள் பொருத்தப்படவே இல்லை. மின்னழுத்தம் மிகும்போது தன்னைத் தியாகம் செய்து பிறவற்றைக் காக்கும் பாகமும் அப்படி விடுபட்டவற்றில் ஒன்று. நாலைந்து ரூபாய்ச் சாமான்.

அன்று முதல் எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்தாலும் லேபிளைப் படிப்பது எனக்கு வழக்கமாயிற்று. நண்பர்களே, இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாயின் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்குங்கள். பெட்டியின் மேல் எழுதிய எண்ணுக்கு அருகில் விடை வர வேண்டும். வராவிட்டால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு மின்சாரத்தை ஒரு வாரம் அளந்தேன். காலையில் 228, 230. மாலை ஆறரைக்கு மேல், தெருவெல்லாம் விளக்குப் போட்டு மோட்டார்களும் ஓடும் நேரத்தில் 185 வரை இறங்கியது. குறைந்த மின்னழுத்தத்தில் பல்பு மங்கும். குறைவாகச் சக்தி எடுக்கும். எஸ்.எம்.பி.எஸ். அப்படிச் செய்வதில்லை. உள்ளே இருப்பவை கேட்கும் வாட்டைக் கொடுத்தே தீர வேண்டும் என்பதால், வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 550 வாட் தேவையெனில் 230 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் போதும். 185இல் ஏறத்தாழ 3 ஆம்பியர் வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்பட்டிருப்பதால் இதைத் தாங்கும். மலிவானது, சூடேறிச் சில மாதங்களில் படுத்துவிடும். அதைச் 'சீரியல் டைம்' நோய் என்று நான் சொல்வதுண்டு. மாலை நேரத்தில்தான் அது வெளிப்படும்.

எர்த் இருக்கிறதா என்று பார்த்தேன். பிளக் பாயின்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது. அதற்குப் பின்னால் கம்பி இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டா. நாளை விடுதியிலோ உங்கள் வீட்டிலோ ஆளைக் கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள். எர்த் இல்லாத கணிப்பொறியின் இரும்புப் பகுதியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரு கம்பிகளிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி வைத்திருப்பார்கள். இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவதற்காக வைத்தவை அவை. எர்த்தே இல்லாதபோது பெட்டி நடுவில் தொங்கி, ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆயினும் அந்த நிலையில் ஓர் இலட்ச ரூபாய்ப் பொருளை வைக்கலாமா?

ஆகவே அண்ணனின் 2,40,000 ரூபாயில் முதலில் செலவானது கணிப்பொறிக்கு அன்று. கொல்லையில் குழி தோண்டி எர்த் போட்டோம். அடுத்து ஒரு சைன் வேவ் யு.பி.எஸ். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 28,000 ரூபாய். அண்ணனுக்கு ஒரு வாரம் முகமே சரியில்லை. "ஒரு பார்ட்டுகூட வாங்கல, அதுக்குள்ள முப்பதாயிரம் போச்சு" என்று அம்மாவிடம் முறையிட்டான்.

எங்கள் ஊர்ச் செப்பேட்டை அவனிடம் எடுத்துக் காட்டினேன். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்ட அதில், பரமேசுவரவர்மன் கூரத்தில் கற்கோயில் எடுப்பித்ததும், அங்கு வழிபாட்டுக்கும் விளக்குக்கும் பாரதம் வாசிப்பதற்கும் நிலம் விட்டதும் கூறப்பட்டுள்ளன. கூரத்து ஏரியான பரமேசுவரத் தடாகமும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு வாய்க்காலும் அதே செப்பேட்டில் பேசப்படுகின்றன. கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். வாய்க்காலைப் பார்க்க எவரும் வருவதில்லை. ஆனால் அந்த வாய்க்கால் இன்றிக் கழனியில் என்ன விளைந்திருக்கும்? கழனியில் விளையாமல் கோயிலில் எதைக் கொண்டு விளக்கேற்றியிருப்பார்கள்? அண்ணன் சிரித்துவிட்டு, "ராஜா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலையே" என்றான். இருந்தாலும் அதன் பிறகு முறையிடவில்லை.

இனி மானிட்டர். இதை ஏன் கார்டுக்கு முன்னால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெருக்கல் கணக்கே போதும். சாதாரண 1080 வரித் திரையில் உள்ள புள்ளிகள் 20,73,600. 1440 வரித் திரையில் 36,86,400. 4கே எனப்படுவதில் 82,94,400. அதாவது முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளுக்கும் நொடிக்கு எத்தனை முறை நிறம் கணக்கிடுவது என்பதுதான் கார்டின் வேலை. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி கிடைக்கும். 144 படம் என்றால் 6.9 மில்லிநொடிதான். எந்தத் திரை, எத்தனை ஹெர்ட்ஸ் என்று தீர்மானிக்காமல் கார்டு வாங்குவது, கழனி எத்தனை குழி என்று தெரியாமல் விதைநெல் வாங்குவதைப் போன்றது. எங்கள் அறையில் நாற்காலிக்கும் மேசைக்கும் இடையே இரண்டரை அடிதான். அந்தத் தொலைவுக்கு 27 அங்குலம், 1440 வரி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் போதும் என்று முடிவு செய்தோம்.

திரை முடிவானதும் கார்டு தானே முடிவாகிவிட்டது. 2025 சனவரியில் வெளியான என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5090தான் அண்ணனின் கனவு. அதற்கு இந்தியாவில் அறிவித்த விலையே 2,14,000 ரூபாய், 32 ஜி.பி. நினைவகம், 575 வாட் எடுக்கும். 575ஐ 12ஆல் வகுத்தால் 48 ஆம்பியர்! வீட்டு மெயின் ஸ்விட்சில்கூட இவ்வளவு ஓடுவதில்லை. இது ஒரு விரல் அகலமுள்ள இணைப்பியின் ஆறு ஊசிகள் வழியாகப் போக வேண்டும். ஊசிக்கு 8 ஆம்பியர். 2022இல் இதற்கு முந்தைய பெரிய கார்டான 4090 வெளிவந்தபோது, இணைப்பி முழுவதும் அழுந்தாமல் போன சில இடங்களில் பிளாஸ்டிக் உருகிய செய்தியை உலகமே படித்தது. பின்னர் அந்த இணைப்பியைத் திருத்தினார்கள். 5090 கெட்ட பொருள் அன்று. 4கே திரையில் உச்ச அளவில் ஆடுபவருக்கு அது வேண்டும். எங்கள் திரைக்கு அது யானைக்குப் பானை வாங்கி அதில் பூனைக்குச் சோறு போடுவதற்குச் சமம்.

அடுத்ததாக அண்ணன் 5080 என்றான். அறிவித்த விலை 1,07,000, 16 ஜி.பி.; 360 வாட். அதற்குக் கீழே 5070 டிஐ: 80,000 ரூபாய்; அதுவும் 16 ஜி.பி.; 300 வாட். நினைவகம் ஒன்றே, 1440 வரித் திரையில் கண்ணுக்குப் படும் வேறுபாடு குறைவு, விலை வேறுபாடோ 27,000. அதற்கும் கீழே உள்ள 5070க்கு 12 ஜி.பி.தான் என்பதால் அதை நானே வேண்டாமென்றேன். புதிய ஆட்டங்கள் நினைவகத்தைத் தின்கின்றன. 5070 டிஐ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஆம், கையெழுத்துத்தான், கடையில் மனம் மாறுவான் என்று எனக்குத் தெரியும்.

பிராசசரைப் பற்றி ஒரு சொல். ஏரில் பூட்டும் சோடியில் ஒன்று முரட்டு எருதும் ஒன்று கன்றுமாக இருந்தால், ஏர் கன்றின் வேகத்தில்தான் நகரும். முரட்டு எருதுக்குப் போட்ட தீனி வீண். கார்டும் பிராசசரும் அப்படியே. விளையாட்டுக்கென்றே ஏ.எம்.டி. நிறுவனம் தன் சில பிராசசர்களில் தற்காலிக நினைவகத்தை மேலும் ஓர் அடுக்காக வைத்துச் செய்கிறது. சாதாரண எட்டுக் கோர் ரைசனில் 32 எம்.பி. இருக்கும் இடத்தில், 2023இல் வந்த 7800எக்ஸ்3டியில் 96 எம்.பி. உண்டு. விளையாட்டில் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பத் தேட வேண்டியிருப்பதால் அது அருகிலேயே இருப்பது பெரும் நன்மை. 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி வந்தது, அதைவிட விரைவானது. எங்கள் திரைக்கும் கார்டுக்கும் பழையதே சோடி என்று அதை எடுத்தோம்.

மதர்போர்டில் நான் பார்த்தது சாக்கெட் ஒன்றைத்தான். ஏ.எம்.5 என்னும் சாக்கெட் 2022இல் வந்தது. 2027க்கும் அப்பால் அதற்குப் புதிய பிராசசர்கள் தருவோம் என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. மாதச் சம்பளக்காரன் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஒரு தீபாவளி போனஸில் பிராசசரை மட்டும் மாற்ற முடிந்தால் அதுவே பெரிய உதவி. மற்றபடி போர்டின் மேல் தகடு, விளக்கு, போர்வீரன் படம் ஆகியவற்றுக்கு ஐயாயிரம் கூடக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

ராம் பற்றிய கதை தனி. 2025 சூலையில் நாங்கள் 32 ஜி.பி. டி.டி.ஆர்.5 (இரண்டு பதினாறுகளாக, ஒற்றை முப்பத்திரண்டு வேண்டா, இருவழிப் பாதை ஒருவழியாகிவிடும்) பத்தாயிரத்துக்கும் குறைவாக வாங்கினோம். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே பொருளின் விலை இரு மடங்குக்கு மேல் போயிற்று. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை விற்பனையையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கோ அமெரிக்காவில் ஒரு கூடத்தில் இயந்திரங்களை அடுக்குகிறார்கள்; கூரத்தில் ஒருவன் சீட்டுப் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு ராம் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறான். பொருளியல் துறை நண்பர்கள் இதைப் பற்றி எழுதலாம்.

வாங்கியது ரிச்சி தெருவில். காஞ்சிபுரத்தில் இரயில் ஏறிச் சென்னைப் பூங்கா நிலையத்தில் இறங்கி நடந்தோம். ரேடியோ உதிரிப் பாகங்களுக்குப் பேர்பெற்றிருந்த தெரு, இன்று கணிப்பொறிக் கடல். கேள்வி கேட்டதெல்லாம் நான். கடைக்காரர்கள் விடை சொன்னதெல்லாம் அண்ணனைப் பார்த்து. "இந்த கார்டுக்கு 600 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும் சார்" என்று ஒருவர் சொன்னபோது, லேபிளைத் திருப்பிப் பார்த்து, 12 வோல்ட்டில் எவ்வளவு அண்ணா என்று கேட்டேன். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். வேறு கடையில் 850 வாட், கோல்டு தரச் சான்று உள்ளதை எடுத்தோம். நூறு வாட் உள்ளே கொடுக்கச் சுவரிலிருந்து நூற்றுப் பத்துக்குச் சற்று மேல் எடுக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் 18 விழுக்காடு வரியோடு பில் வாங்கினோம். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பில் இல்லாவிட்டால் மூன்று ஆண்டு வாரன்டி காற்றோடு போயிற்று. அந்தக் குறைந்த விலைக்குப் பெயர் குறைந்த விலை அன்று.

கேபினெட் தேர்வில் அண்ணனுக்கும் எனக்கும் நடுத்தெருவிலேயே சண்டை. அவன் கேட்டது முன்புறம் முழுக்கக் கண்ணாடி. நான் கேட்டது முன்புறம் வலை. கணிப்பொறி எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. விளையாடும்போது 500 வாட் என்றால், அறைக்குள் பாதி இஸ்திரிப் பெட்டியை எரியவிட்டதற்கு ஒப்பாகும். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் மொட்டைமாடி அறை 38 டிகிரிக்கு மேல். வெளிக்காற்று பத்து டிகிரி கூடினால் உள்ளே சில்லும் ஏறத்தாழப் பத்து டிகிரி கூடும். குளிர்நாட்டில் எடுத்த வீடியோவில் கண்ணாடிப் பெட்டி அழகாகவே ஓடும். இறுதியில் வலை வென்றது. பக்கவாட்டில் மட்டும் கண்ணாடி. உள்ளே ஒரே ஒரு நீல விளக்கு. அந்த அளவுக்கு நானும் இறங்கி வந்தேன்.

மின்கட்டணக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், அப்பா இதைப் படிக்கக்கூடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016இல் வந்த சலுகை. அந்த நூறையும் அண்ணனின் கணிப்பொறியே தின்றுவிட்டு இன்னும் கேட்கும். 5090 வாங்கியிருந்தால் 180 ஆகியிருக்கும். கூடுதல் கட்டணம் தன் பொறுப்பு என்று அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

கூட்டி முடித்தபின் செய்ய வேண்டிய இரண்டு சிறு வேலைகளைப் பலரும் விட்டுவிடுகின்றனர். ராமின் முழு வேகத்தைப் பயாஸில் போய் நாமே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த வேகத்திலேயே காலமெல்லாம் ஓடும். மானிட்டரின் ஹெர்ட்ஸையும் நாமே மாற்ற வேண்டும். 144 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 60இல் ஆடிக்கொண்டிருப்போர் நம் கல்லூரியிலேயே உள்ளனர். ஒருவர் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகி ஏழு மாதம் ஆடினார். பெயர் சொல்லமாட்டேன், அவர் தமிழ்த்துறை.

இதையெல்லாம் நான் வகுப்பில் கற்கவில்லை என்பதே என் குறை. ஓமின் விதியும் மின்தேக்கியும் மும்முனை மின்சாரமும் பாடத்தில் இருக்கின்றன. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் விட்டோம். ஆனால் லேபிளைப் படிக்கத் தெரியாமல் ஏமாந்த பெரியப்பா மகனும் ஒரு பட்டதாரியே. கல்லூரிகளில் பயனற்றவை என்று கழித்துக் கட்டி வைத்த பழைய கணிப்பொறிகள் இருக்கும். துறைக்கு இரண்டு கொடுத்தால் போதும். ஆசிரியர் முன்னிலையில் நாங்கள் திறந்து பார்ப்போம். (எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியே திறக்க வேண்டா. பிளக்கை எடுத்த பின்னும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.) ஆய்வகத்தில் மல்டிமீட்டர் உண்டு. ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கித் தந்தால், முதலாண்டு மாணவர்கள் அவரவர் ஊர் மின்சாரத்தை ஒரு வாரம் அளந்து எழுதி வருவார்கள். உத்திரமேரூர்ப் பக்கம் எவ்வளவு, வாலாஜாபாத் பக்கம் எவ்வளவு என்று ஓர் அட்டவணை அடுத்த ஆண்டு மலரில் வரலாம். பிற துறையினருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். கணிப்பொறி வாங்குவோர் இயற்பியல் படித்தோர் மட்டும் அல்லவே. துறைத்தலைவர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

கடந்த கார்த்திகையில் எங்கள் தெருவில் மீண்டும் ஒருமுறை மின்சாரம் தாறுமாறாயிற்று. யு.பி.எஸ். கீச்சென்று கத்தித் தன்னைத் துண்டித்துக்கொண்டது. அதனுள் ஒரு ஃபியூஸ் போயிற்று. கணிப்பொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டத்தின் நடுவே திரை அணைந்ததற்காக அண்ணன் மின்சாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தான்.

பெரியப்பா மகன் மீண்டும் தொழில் தொடங்கப் பணம் சேர்த்துவிட்டார். போன வாரம் கடையில் நின்றபடியே ஒரு லேபிளைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "பாப்பா, இது சரியா பாரு" என்று கேட்டிருந்தார். பெட்டியில் 750. 12 வோல்ட்டுக்கு நேரே 62 ஆம்பியர். பெருக்கினால் 744. வாங்கச் சொல்லிவிட்டேன்.